மீனுக்குப் பேன் பார்த்த ஊர்

முரல்பாடு என்ற கடலோர ஊரில் மீன்கள் பேன் பார்த்துக்கொள்ளக் கரையேறத் தொடங்கியபோது சலேத்தம்மாளுக்கு அது அதிசயமாகப் படவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே, கடலுக்குள் கூண்டு கட்டப் போகிறோம் என்று ஒரு கூட்டம் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்ததையும், கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆகையால் அதை எங்களுக்குக் கொடுங்கள் என்று அது கேட்டதையும், கேட்டபடியே அதற்குக் கொடுக்கப்பட்டதையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதை நம்பியவளுக்கு இதை நம்புவதில் என்ன சிரமம்.

மாதா கோயிலுக்குக் கடல் பக்கமாக ஒரு படிக்கட்டு இறங்குகிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போது அதன் கடைசிப் படி மணலில் நிற்கும், ஏறியிருக்கும்போது அலைக்குள் நிற்கும். மதியக் கஞ்சி குடித்துப் பாத்திரம் கவிழ்த்த பிறகு, மாலை வள்ளங்கள் கரை சேரும்வரைக்கும், ஊர்ப் பெண்கள் அங்கே படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். மேல்படிக்காரி கீழ்ப்படிக்காரியின் கொண்டையை அவிழ்ப்பாள், அவள் தனக்குக் கீழே இருப்பவளின் கொண்டையை அவிழ்ப்பாள், இப்படி மேலிருந்து கீழே விரலும் தலையுமாக ஒரு சங்கிலி இறங்கிவரும். பேனை நகத்தில் வைத்து நசுக்கும்போது ஒருத்தி மூச்சை உறிஞ்சி ‘ஸ்ஸ்’ என்பாள், அந்தச் சத்தத்தை அடுத்தவள் வாங்கிக்கொள்வாள், அது படிப்படியாக இறங்கிக் கடலுக்குள் போகும். கல்யாணங்கள் அங்கேதான் பேசப்பட்டன. சண்டைகள் அங்கேதான் ஆறின, ஏனென்றால் தலையை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு அவளோடு சண்டை போடுவது நடக்கிற காரியமில்லை.

அந்தச் சங்கிலிக்கு இரண்டு குறை உண்டு. கடல் காலை நனைக்கக் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்கத் தலை கிடையாது. உச்சிப் படியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னால் விரல் கிடையாது. கடைசிப் படி பிரகாசியுடையது. கருவாடு விற்கிறவள், வாய் ஓயாதவள், கை சும்மா இருந்தால் வாய் இன்னும் அதிகமாக ஓடுகிறவள். உச்சிப் படி சலேத்தம்மாளுடையது.

சலேத்தம்மாளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஆள் இருந்தது. தங்கை பவுலின். தாய் செத்த வீட்டில் பவுலினை இடுப்பில் வைத்து வளர்த்து, அவளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவைத்து, தனக்கு வந்த வரன்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு மீனவர் சங்கத்துக்குப் போனவள் சலேத்தம்மாள். நாட்டுப்படகுகளின் வலையை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போன காலத்தில் ரோட்டில் படுத்து மறித்தவள். பல ஊர் ஜெயில் கஞ்சியைக் குடித்து எது ரொம்ப மோசம் என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே சங்கத்துத் துண்டறிக்கைகளில்தான் என்பதால் கடைக்காரனிடம் புளி கேட்டாலும் அதில் ஒரு கோரிக்கையின் மிடுக்கு இருக்கும். மறியலிலிருந்து அவள் திரும்பிவரும் நாளெல்லாம் பவுலின் உச்சிப் படிக்கும் மேலே, கோயில் வாசற்கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஸ்டேஷன் பேனெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கியாக்கா, இதுக்கெல்லாம் ஜாமீன் யாரு குடுக்கது” என்று அக்காளின் தலையைப் பிரிப்பாள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது, வகிடு எடுத்த இடத்தில் மெதுவாக ஊதிவிட்டுத்தான் தேட ஆரம்பிப்பாள்.

அப்புறம் பவுலின் புருஷன் படகை இழுக்கும்போது முதுகு முறிந்து படுத்தான், கம்பெனிக் கூண்டில் மீனுக்குத் தீனி போட ஆள் எடுத்தார்கள், பவுலின் பெயர் கொடுத்தாள். வேலை தொடங்கும் நாளில் ஊரைத் திரட்டி, கம்பெனி வாசலில் கறுப்புக்கொடி பிடித்து நின்றது சலேத்தம்மாள். பவுலின் வந்தாள். கொடிக்கம்பு குறுக்கே நின்றது. அவள் குனிந்து, கம்புக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள். எல்லோரும் பார்க்க சலேத்தம்மாள் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: “இனிமே என் தலையில கை வைக்காத.”

பவுலின் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற குடும்பம் அது, அதுதான் அந்தக் குடும்பத்தின் கேடு.

தன் தலையில் தானே பேன் பார்க்க முடியாது. ஈர்வலி போட்டு இழுக்கலாம், வேப்பெண்ணெய் தடவலாம், அரிப்பு தாங்காமல் நகத்தால் பிறாண்டலாம், பார்க்க முடியாது. நான் பார்க்கிறேன் மைனி என்று வந்தவர்களைச் சலேத்தம்மாள் அண்டவிடவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிற ஒருத்திக்காகக் கடல் கடந்து போனவனுக்காக ஏங்குவதுபோல ஏங்கலாம் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அதற்கான வார்த்தை துண்டறிக்கைகளில் இல்லை. சாயங்காலங்களில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கடல்காற்று வந்து பிடரி முடியைக் கொஞ்சம் விலக்கும். அது நின்றுவிடக் கூடாதே என்று அசையாமல் இருப்பாள்.

கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஊர் பவுலினிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. ஆற்றுவாயில், ஆறும் கடலும் கைமாறுகிற இடத்தில், பெரிய பெரிய வளையங்களை மிதக்கவிட்டு வலைப்பை தொங்கவிட்டு, அதில் கொடுவா மீனை நெருக்கி அடைத்து வளர்த்தார்கள். நெருக்கி அடைத்த இடத்தில் பேன் பெருகும் என்பதை ஜெயில் பார்த்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீனுக்கும் பேன் உண்டு, கடலில் எப்போதும் இருப்பதுதான், ஒட்டிக்கொண்டு தோலைத் தின்னும். ஆனால் விரிந்த கடலில் ஒரு பேன் ஒரு மீனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பேன் பட்டினியில் செத்துப்போகும். கூண்டில் தேட வேண்டியதே இல்லை. அங்கே பெருகிய பேன் வலைக்கண் வழியாக வெளியே வந்தது. ஆற்றில் வளர்ந்து முதல்தடவையாகக் கடலுக்குப் போகிற குஞ்சுகளுக்கு அந்த ஆற்றுவாயைத் தவிர வேறு வாசல் இல்லை. விரல் நீளக் குஞ்சின் முதுகில் ஒரு பேன் என்பது மனுஷன் முதுகில் ஆமை ஏறி உட்கார்ந்தது போல. கம்பெனி மருந்து ஊற்றியது. பேன் கொஞ்சம் செத்தது, சுற்றுவட்டாரத்து நண்டெல்லாம் ஓடு கெட்டிப்படாமல் பஞ்சுபோல வலையில் வந்தது. பெரிய மீன்கள் தலைத்தோல் தின்னப்பட்டு மண்டை வெள்ளையாகத் தெரிய வந்தன. பேச்சுவார்த்தையில் அதையெல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தபோது மேனேஜர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதீங்கம்மா என்று பணிவாகச் சொன்னான். நல்ல பையன். எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மதியம், தண்ணீர் ஏறுகிற நேரம், ஒரு கொடுவா அலையோடு வந்து, அலை திரும்பிய பிறகும் திரும்பாமல், செவிளோரத்துத் துடுப்புகளை ஊன்றிக் கடைசிப் படியில் ஏறிப் பிரகாசியின் மடியில் தலையை வைத்தது. பிரகாசி அப்போது தன் மருமகளின் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவில்லை. சும்மா கிடந்த கை தன் பாட்டுக்கு அதன் தலையைத் தடவியது, செவிள் மூடியைத் தூக்கியது, ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் நெம்பி எடுத்து நசுக்கியது, ‘ஸ்ஸ்’ என்றது வாய், மறுபடி மருமகள். கதை முடிந்த பிறகுதான் குனிந்து பார்த்து, “இது யாரு வீட்டுப் பிள்ளை?” என்றாள். மீன் ஒருதரம் வாலை அடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போனது.

மறுநாள் கூட்டமாக வந்தன. கொடுவா வந்தது, மடவை வந்தது, பாறை வந்தது, பல்லை வெளியே காட்டிக்கொண்டு சீலா வந்தது. வரிசையில் நிற்கும்போது சீலா மடவையைக் கடிக்கவில்லை, மடவை சீலாவைக் கண்டு ஒதுங்கவில்லை. ஒரு பரலோக மந்திரத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம் ஒரு மீனால் தண்ணீருக்கு வெளியே தாங்க முடிந்தது, அதற்குள் பார்க்க முடிந்ததைப் பார்த்து விட்டுவிட வேண்டும், மிச்சத்துக்கு அது மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும். பெண்கள் படியைவிட்டு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார்கள். மனுஷத் தலைக்கும் மீன் தலைக்கும் விரலுக்கு என்ன வித்தியாசம், முடி இல்லாதது வசதிதான் என்று பிரகாசி சொன்னாள்.

ஊர் இதற்கு வேண்டிய சட்டதிட்டங்களைத் தானே செய்துகொண்டது. கோயில் மதிய மணி அடித்ததிலிருந்து வள்ளங்கள் திரும்பும்வரை படிக்கட்டுப் பக்கம் யாரும் வலை வீசக் கூடாது, அந்த நேரத்தில் வருவது விருந்தாளி, அதற்குப் பிறகு அகப்பட்டால் மீன் என்று ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை சொன்னார். ஆண்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பெண்களுக்கு அதில் வேறொரு சிக்கல் வந்தது. பிரகாசியின் மருமகள் குழம்புக்கு எடுத்த ஒரு பாறை மீனின் செவிளோரத்தில் தன் நகக்கீறலைப் பார்த்து, அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள். மடியில் தலை வைத்ததை எப்படி அறுப்பது? செய்தி அடுப்புக்கு அடுப்பு பரவியது. முரல்பாட்டில் சரித்திரத்திலேயே முதல்தடவையாகச் சாம்பார் கொதித்தது, வள்ளக்காரர்கள் பெருங்காய வாசத்தோடு கடலுக்குப் போனார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை ஐயரே என்று கூப்பிட்டார்கள். தொம்மை மறுபடி கூட்டம் போட்டு, ஆழக்கடலில் பிடித்தது சமைக்கலாம், படிக்கட்டுக்கு வந்து போகிற முகமாகத் தெரிந்தால் விட்டுவிடலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஆண்கள் வலையைத் தூக்கியதும் ஒவ்வொரு மீனின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

கோயில் சாமியார் ஆயருக்கு எழுதினார். மீன்களைப் பற்றி வேதத்தில் ஏற்கெனவே போதிய அளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு அதிகாரி வந்து பேன்களைச் சீசாவில் போட்டுக்கொண்டு, இந்த மீன்கள் எந்த எல்லையைச் சேர்ந்தவை என்று கேட்டுவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போட்டார்கள். பார்த்த ஜனங்கள் அதை ஏதோ சீயக்காய் விளம்பரம் என்று நினைத்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு எழுதினார்கள். ஆக வெளியூர் உலகம் எப்போதும்போல இருந்தது. உள்ளூரில் மட்டும் பேன் எடுத்துவிட்ட குஞ்சுகள் ஆற்றுவாயைத் தாண்டிப் போவதைப் படியிலிருந்து பார்க்க முடிந்தது, வெள்ளிக்காசைச் சுண்டிவிட்டது போல.

சலேத்தம்மாள் உச்சிப் படியிலேயே இருந்தாள். அத்தனை உயரத்துக்கு மீன் ஏறவில்லை. இறங்கி வா மைனி என்றால், ஒருத்தராவது நின்று கூண்டைக் கண்காணிக்க வேண்டும் என்று சொல்வாள். கண்காணித்தது கூண்டைத்தான். நீலச்சட்டை போட்ட ஒரு உருவம் வளையத்தின்மேல் நடந்துபோவதும் குனிவதும் அங்கிருந்து புள்ளியாகத் தெரியும், நடையைப் பார்த்து எது பவுலின் என்று அவளால் சொல்ல முடியும். கீழே, அரிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மீன், எடுத்துவிடு என்று வந்து மடியில் தலையை வைத்தது. இவ்வளவு சுலபமா அது என்று சலேத்தம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் மேனேஜர் ஒரு பெட்டி மைசூர்பாகோடு படிக்கட்டுக்கு வந்தான். வெளிமீன்களில் பேன் குறைந்ததால் கூண்டுமீன்களுக்குத் திரும்பி ஏறுவதும் குறைந்துவிட்டது, மருந்துச் செலவு மிச்சம், கம்பெனியின் சார்பில் நன்றி என்றான். கையோடு ஒரு வழவழப்பான பிரசுரமும் கொண்டுவந்திருந்தான். அதில் பிரகாசியின் மடியும் மடியில் மீனும் வண்ணப்படமாக இருந்தன, கீழே ‘எங்களது இயற்கை வழிப் பேன் ஒழிப்பு’ என்று போட்டிருந்தது, அடுத்த பக்கத்தில் இன்னும் எத்தனை கூண்டுகள் வரப்போகின்றன என்று படம் போட்டிருந்தது. பிரகாசி தன் மடியை அதில் பார்த்து, சேலை நன்றாக விழுந்திருக்கிறது என்றாள்.

பிரசுரம் படிப்பதில் சலேத்தம்மாளை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. அன்று மாலையே கோயில் மணலில் கூட்டம் போட்டாள். யார் பேனை யார் பார்க்கிறது என்று கேட்டாள். அவன் வளர்க்கிறான், நீ பொறுக்குகிறாய். அவன் விற்கிறான், நீ சாம்பார் வைக்கிறாய். உன் இரக்கத்தை அவன் தீனி மூட்டைபோலக் கிடங்கில் வாங்கி வைத்திருக்கிறான், அதுவும் காசு கொடுக்காமல் என்றாள். நாம் பார்க்கிறவரைக்கும் கூண்டு நகராது. நாம் நிறுத்தினால் அவன் மீன் நாறும், நாறினால் கூண்டு ஆற்றுவாயைவிட்டுப் போகும் என்றாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் அதுவரை பேசிய பேச்சிலேயே அதுதான் சிறந்தது என்று பிற்பாடு அவளைத் திட்டியவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள்.

பிரகாசி மட்டும் எழுந்து கேட்டாள். “மைனி, அது வந்து மடியில தலைய வைக்குமே. தள்ளியா விடச் சொல்லுதீய?”

“தள்ளத்தான் வேணும். இன்னைக்கு நாம அதைத் தள்ளினாத்தான் நாளைக்கு அவன் கூண்டைத் தள்ளுவான்.”

பேன் பார்ப்பு நிறுத்தம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. இதைப் போன்ற வேலைநிறுத்தத்தை உலகத்தில் வேறு எந்தத் தொழிற்சங்கமும் நடத்தியிருக்காது என்ற பெருமிதம் அவளுக்கு இருந்தது. மீறி மீனுக்குப் பேன் பார்ப்பவளுக்கு ஊரில் நல்லது கெட்டது கிடையாது, அவள் வீட்டுச் சாவுக்குக்கூட ஊர் போகாது என்ற கடைசி வரியை அவளே சொல்லி எழுதவைத்தாள். வரி கடுமையாக இருக்கிறதே என்று தொம்மை தயங்கியபோது, கடுமை இல்லாத தீர்மானம் காயிதக் கப்பல் செய்யத்தான் ஆகும் என்றாள்.

மீன்கள் வந்தன. பெண்கள் படிகளில் தண்ணீர் தொடாத உயரத்தில், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீன்கள் கடைசிப் படியில் தலையை வைத்துவிட்டுக் காத்திருந்தன. கல்லுக்கும் மடிக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. மடி திரும்பி வரும் என்று நினைத்திருக்கலாம். மூச்சு முட்டியதும் தண்ணீருக்குப் போய் மறுபடி வந்து வைத்தன. மனுஷர் பார்வைக்கு ஒரு இமை இருக்கிறது, நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மீன் இமைக்காது. நாள் போகப் போக வரிசை நீண்டு, ஓரத்தில் சில மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. குஞ்சுகள் ஆற்றைவிட்டு வருவது தெரிந்தது, தாண்டிப் போவது தெரியவில்லை. பெண்கள் அழுதார்கள், ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை. காலம் காலமாக அவளிடம் பாடம் படித்தவர்கள், கட்டுக்கோப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். அந்தக் கைகளை அவள் அப்படிப் பழக்கியிருந்தாள்.

கூண்டு நகரவில்லை. விஷயம் மேலிடத்தின் கவனத்தில் இருப்பதாக மேனேஜர் சொல்லி அனுப்பினான், மருந்தை இரண்டு மடங்கு ஊற்றினான். கம்பெனிக்கு அவசரமில்லை, அதன் மடியில் எதுவும் வந்து தலை வைக்கவில்லை. நியாயம் சலேத்தம்மாள் பக்கம்தான் இருந்தது. நியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தாள், கீழே மீன் செத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பவுலின் வந்தாள்.

மதிய மணி அடித்து ஓய்ந்திருந்தது. கம்பெனி நீலச்சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் முக்காடு போலக் கட்டிய துண்டு. கூண்டுப் படகிலிருந்து கரையோரமாகவே நடந்துவந்து, யாரையும் பார்க்காமல், கடைசிப் படியில் தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். ஒரு மடவை உடனே மடிக்கு வந்தது. பவுலின் அதன் தலையில் மெதுவாக ஊதினாள், தேட ஆரம்பித்தாள்.

படிகள் கொதித்துப்போயின. கூண்டுக்காரி வந்து நம் மறியலை உடைக்கிறாள், மேனேஜர்தான் அனுப்பியிருப்பான் என்றார்கள். அனுப்பியிருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருப்பானே என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், சலேத்தம்மாளுக்குத் தீர்மானத்தை நினைவூட்டினார், தண்ணீருக்குள் போய்ப் பெண்பிள்ளையை நான் இழுக்க முடியாது, தங்கச்சியிடம் நீயே போய்ச் சொல், எழுந்தால் சரி, எழுந்திருக்காவிட்டால் ஊர் சொல்ல வேண்டியதை நீயே உன் வாயால் சொல்லிவிடு என்றார். அது முறைதான். தீர்மானத்தைச் செய்தவள்தான் அதை நிறைவேற்ற வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பவுலின் புருஷனை நாளைக்குத் தூக்க நாலு பேர் வர மாட்டார்கள், பவுலினே செத்தாலும் அக்காள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது; அந்தக் கடைசி வரி அப்படித்தான் சொல்லியது.

சலேத்தம்மாள் இறங்கினாள். பெண்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எத்தனையோ கலெக்டர்களை நோக்கி நடந்தவள், அந்தப் படிகளை இறங்கக் கஷ்டப்பட்டாள். தண்ணீர் பாதத்தைத் தொட்ட இடத்தில் நின்றாள். தங்கையின் பிடரி தெரிந்தது. துண்டுக்கு அடியில் நரை இருந்தது. எப்போது வந்தது அது?

“எந்திரி.”

பவுலின் திரும்பவில்லை. மடவையை விட்டுவிட்டு அடுத்ததை வாங்கினாள்.

“ஊர்த் தீர்மானம் போட்டிருக்கு. தெரியுமா உனக்கு?”

“தெரியும். என் பேரைச் சொல்லிக் கடைசி வரி எழுதுன மாதிரியே இருந்துச்சின்னு சொன்னாங்க.”

“உன் பேரை எழுதல.”

“சரிக்கா.” நகத்துக்கிடையில் ஒன்று நசுங்கியது. “உள்ள இருக்கதுக்கும் அரிக்கத்தான் செய்யும். வலையில தலைய தேய்ச்சித் தேய்ச்சி ரத்தமா கெடக்கு. அதுகிட்ட நான் கை வச்சா வேலைய விட்டுப் போன்னுவான். இது எங்கிட்ட வருது, பாக்குதேன். கொடி பிடிச்சித்தான் பாக்கணுமா?”

கொடி பிடிக்காதவர்களுக்குச் சொல்ல சலேத்தம்மாளிடம் நிறைய இருந்தது. இரக்கம் வேறு, ஏமாளித்தனம் வேறு. நீ இன்று எடுக்கிற ஒவ்வொரு பேனும் நாளைக்கு ஒரு கூண்டு. இதையெல்லாம் அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் அலைக்குள்ளிருந்து ஒரு பெரிய கொடுவா வந்தது, பவுலினின் கை நீளத்தைவிடப் பெரியது, மண்டை முழுவதும் தின்னப்பட்டு எலும்பு வெயிலில் பளிச்சென்று தெரிய, வந்த வேகத்தில் மடியில் நிற்காமல் வழுக்கியது. பவுலின் தலையைப் பிடித்தாள், வால் அடித்துத் தண்ணீரைச் சிதறடித்தது. மறுபடி வழுக்கியது. ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை அது.

“அக்கா,” என்றாள் பவுலின், அப்போதும் திரும்பாமல், வீட்டில் அரிசிப் பானையை இறக்கும்போது கூப்பிடுகிற குரலில். “வாலைப் பிடி.”

சலேத்தம்மாள் பிடித்தாள்.

யோசித்துவிட்டுப் பிடித்ததாக அவளால் பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியவில்லை. சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். மீனின் கனம் குறுக்காக இருவர் மடியிலும் கிடந்தது. வால் பக்கத்துத் துடுப்பின் வேரில் பேன்கள் அப்பியிருந்தன, அவள் விரல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது, நெம்பியது, வாய் தானாக ‘ஸ்ஸ்’ என்றது. மீன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கிடந்தது. பவுலினின் தோள் அவள் தோளில் இடித்தது, விலகவில்லை. மூச்சு முட்டியதும் மீனை இருவருமாகத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள், அது போகாமல் அங்கேயே நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறியது.

மேலே தொம்மை ஏதோ உரக்கச் சொன்னார். அப்புறம் ஒரு இளம்பெண்ணின் குரல், சென்ற மறியலில் சலேத்தம்மாளே மைக் கொடுத்துப் பழக்கிய குரல், தனியாக எழுந்தது. கம்பெனி வளர்த்த பேனை என்று அது கேட்க, கம்பெனியே பார்க்கட்டும் என்று படிகள் பதில் சொல்லின. முதலில் தயங்கித்தான் சொன்னார்கள், பிறகு தயக்கம் போயிற்று. அதன் பிறகு அந்தக் குரல், தீர்மானத்தில் இல்லாத, ஆனால் எல்லா வேலைநிறுத்தத்துக்கும் சொந்தமான அந்த வார்த்தையை எடுத்தது. படிகள் அதைத் திருப்பிச் சொல்லின. மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, ஒருத்தர்கூடப் பின்தங்காமல் சொன்னார்கள். பிரகாசியின் குரலும் அதில் இருந்தது, அழுகையோடு இருந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபடியே சலேத்தம்மாள் அடுத்த பேனை நெம்பினாள்.

கூண்டுகள் ஆற்றுவாயில் நின்ற இடத்திலேயே நின்றன. மீன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. குஞ்சு ஒன்றையும் காணோம். தண்ணீர் ஏறி இடுப்பைத் தாண்டி வந்தது, இருவருக்கும் ஒரே நேரத்தில் குளிர்ந்தது.

“என்னக்கா சொல்லுதாங்க?” என்றாள் பவுலின். காது கேட்காதவள் இல்லை அவள்.

“கருங்காலிங்காங்க.”

“யாரை?”

சலேத்தம்மாள் பெரிய கொடுவாவின் வாலை விட்டாள். அது உடனே போகவில்லை. கொடிக்கம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போன நாளிலிருந்து வாயில் வைக்காத ஒரு வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நம்மள,” என்றாள். “நம்ம ரெண்டு பேரையும்.”